போலாம், ரைட்!

என் பெரியப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். விடியற்காலை 5.10-க்கு டெப்போவை விட்டுக் கிளம்பும் முதல் வண்டி அவருடையது. அடைமழையோ மார்கழிப் பனியோ, முப்பது ஆண்டு சர்வீஸில் அந்த வண்டியை அவர் ஒரு நிமிடம் காக்கவைத்ததில்லை. இரவு கணக்கு ஒப்படைக்கும்போது அவருடைய தோல் பையில் ஒரு ரூபாய் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

அந்த மனிதர் ஓய்வுபெற்ற நான்காம் ஆண்டு, ஒரு காலையில் கிணற்றடிக்குப் பல் துலக்கப் போனவர் அப்படியே சரிந்தார். வலது கை வரவில்லை. வலது கால் வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

மருத்துவமனையில் முதல் கேள்வியே இதுதான்: "பிரஷர் மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறாரா?"

"தவறாமல் சாப்பிடுகிறார்" என்று அடித்துச் சொன்னேன். மாதா மாதம் வாங்கிக் கொடுப்பவன் நானாயிற்றே!

அன்று சாயங்காலம் ஆதார் அட்டை எடுக்க வீட்டுக்கு வந்தேன். சுவர் ஆணியில் அவருடைய பழைய தோல் பை தொங்கியது. திறந்தேன். உள்ளே மாத்திரை அட்டைகள். டிக்கெட் கட்டுகளை அடுக்குவதுபோல் வரிசையாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். மேலே இருந்த ஓர் அட்டையில் மூன்று குழிகள் மட்டும் காலி. மற்றவையெல்லாம் பிரிக்கப்படாமல் அப்படியே பளபளத்தன. உட்கார்ந்து எண்ணினேன். பதினோரு மாதத்து மாத்திரைகள்.

மறதி என்கிறீர்களா? முப்பது ஆண்டு 5.10-ஐ மறக்காதவர். சோம்பல் என்கிறீர்களா? ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டே வாழ்ந்தவர். பணமா? அவர் கையிலிருந்து ஒரு பைசா செலவில்லை. பிறகு ஏன்?

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிய பிறகு ஒருநாள் கேட்டேன். குழறிக் குழறிச் சொன்னார்: "தெனம் மாத்திரை போட்டா, நான் சீக்காளின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்லடா."

அன்று எனக்குப் புரிந்தது. மாத்திரை அவருக்குக் கசக்கவில்லை. 'சீக்காளி' என்ற பெயர்தான் கசந்தது. பெயரைத் தள்ளுவதாக நினைத்து மருந்தைத் தள்ளினார். நோய் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து, சத்தம் போடாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பை எங்கோ தொங்குகிறது. தலையணைக்கு அடியில், பூஜை அலமாரியின் பின்புறம், கைப்பையின் ஜிப்புக்குள். நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், அந்தப் பை உங்களுடையதா?

நீங்கள் தனி ஆளில்லை

குற்றவாளிக் கூண்டில் உங்களை நிறுத்த இதை நான் எழுதவில்லை. 2003-ல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வசதி படைத்த, வளர்ந்த நாடுகளிலேயே, நீண்டகால நோய்க்கு மருந்து எடுப்பவர்களில் சுமார் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்றது அந்த அறிக்கை. படித்தவர், படிக்காதவர், பணக்காரர், ஏழை என்ற பேதமே இல்லாத தவறு இது. அதனால் வெட்கப்பட்டு ஒளியத் தேவையில்லை. வெளிச்சத்துக்கு வாருங்கள். ஏன் விடுகிறோம் என்று நேருக்கு நேர் பார்ப்போம். காரணத்தைப் பேர் சொல்லி அழைத்துவிட்டால் பாதிப் போர் முடிந்தது.

சேத்துப்பட்டு சொன்ன பாடம்

இந்தக் கேள்வியை உலகத்துக்கே உரக்கக் கேட்ட ஊர்களில் ஒன்று நம் சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துகளை ஆராய ஒரு மையம் தொடங்கப்பட்டது. இந்திய அரசும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் அதில் கைகோத்தன. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான் கதி. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. அதற்கு வழியில்லாத ஏழை என்ன செய்வான்?

நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில். இன்னொரு பிரிவு தங்கள் சொந்த வீட்டில், நெருக்கடியான ஒற்றை அறைகளில். இருவருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து. 1959-ல் முடிவு வெளியானது. குறைந்த சாப்பாட்டோடு, கிடைத்த ஓய்வோடு வீட்டிலிருந்தே மருந்து எடுத்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகவே குணமானார்கள்! சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வந்ததற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். மாளிகை தேவையில்லை. மலைக்காற்று தேவையில்லை. மருந்தை விடாமல் எடுக்கும் உறுதி இருந்தால், குடிசையில் இருப்பவனும் எமனைத் திருப்பி அனுப்பலாம். ஒரு தமிழ்நாட்டு ஏழை தன் உடம்பால் எழுதிக் காட்டிய உண்மை இது!

அதே ஆய்வு இன்னொரு பாடமும் சொன்னது. அதை முன்னின்று நடத்திய மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் வெறும் வாய்ச்சொல்லை நம்பிவிடவில்லை. ஊழியர்கள் முன்னறிவிப்பில்லாமல் வீடுகளுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். மருந்து இலவசம். உயிர் காக்கும் மருந்து. அப்படியிருந்தும் விட்டுவிட்டு எடுத்தவர்கள் இருந்தார்கள். மருந்து கண்டுபிடிப்பது ஒரு மலை என்றால், அதைத் தினமும் தொண்டைக்குள் இறக்குவது இன்னொரு மலை என்று அன்றே தெரிந்துவிட்டது. ஒருவர் கண்ணெதிரே மருந்தை விழுங்கவைக்கும் முறை அந்த அனுபவத்திலிருந்துதான் வளர்ந்து, பின்னாளில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகம் சுற்றியது.

அந்த இரண்டாவது மலையில் உங்கள் கால் எங்கே வழுக்குகிறது? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

மருந்தை நிறுத்தச் சொல்லும் முதல் எதிரி வலி என்று நினைக்கிறோம். உண்மையில் அது நலம்! காசநோய்க்கு மாத்திரை தொடங்கினால் சில வாரங்களில் இருமல் அடங்கும். பசி எடுக்கும். எடை ஏறும். "சரியாப் போச்சு" என்று இரண்டாம் மாதத்தோடு அட்டையைத் தூக்கிப் போடுகிறார்கள். பொதுவான காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. அந்தக் கடைசி மாதங்கள் எதற்கு? அடிபட்டுப் பதுங்கியிருக்கும் கிருமிகளைத் தேடிப்பிடித்து ஒழிப்பதற்கு. பாதியில் விட்டால், பதுங்கியவை பாய்ந்து வரும். மருந்துக்கு அடங்காத கிருமிகளாகவும் மாறி வரும். அப்புறம் அந்தப் போர் இன்னும் கடுமையானது. அதில் வீட்டுக் குழந்தைகளும் மாட்டிக்கொள்வார்கள்.

ரத்தக்கொதிப்பு இன்னும் கள்ளத்தனமானது. பெரும்பாலும் தலை வலிக்காது, மயக்கம் வராது, ஒன்றும் சொல்லாது. 140-க்கு 90-ஐத் தாண்டியே நிற்கும் அழுத்தம் மூளையின் நாளங்களையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்று நீங்கள் சொல்கிறீர்கள். நீங்கள் மாத்திரை எடுத்ததால்தான் ஒன்றும் இல்லை! கூரை இருப்பதால்தான் நனையவில்லை. நனையவில்லையே என்று யாராவது கூரையைப் பிரிப்பார்களா?

"மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்"

டீக்கடையில், கல்யாணப் பந்தியில், வாட்ஸ்அப்பில், எங்கும் கேட்கும் குரல் இது. "ஒருதடவை ஆரம்பிச்சா விடவே முடியாது", "இங்கிலீஷ் மருந்து சூடு", "இன்சுலின் போட்டா அதோட முடிஞ்சுது." இப்படிச் சொல்பவருக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கலாம். ஆனால் உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாள் அவர் கையில் இல்லை!

உண்மை என்ன? சிறுநீரகத்தைப் பாழாக்கும் காரணங்களில் முதல் வரிசையில் நிற்பவை கட்டுக்கடங்காத சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும்தான். அவற்றை அடக்கத்தான் மாத்திரை. கேட்பார் இல்லாமல் மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைதான் சிறுநீரகத்துக்கு ஆகாது. அதற்குப் பயப்படாதவர் சர்க்கரை மாத்திரைக்குப் பயப்படுவது என்ன நியாயம்? 'விடமுடியாது' என்பதும் போதைபோல் பழகிவிடுவதால் அல்ல. நோய் கூடவே இருப்பதால் மருந்தும் கூடவே இருக்கிறது. இன்சுலின் நம் உடம்பே சுரக்கும் பொருள். குறைவதை ஊற்றுகிறோம், அவ்வளவுதான்.

"மாத்திரை ஒத்துக்கலை"

இது பொய்யான காரணம் இல்லை. மதிக்க வேண்டிய காரணம். சில பிரஷர் மாத்திரைகளில் பாதம் வீங்கும். வேறு சிலவற்றில் வறட்டு இருமல் வரும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் தொடங்கிய புதிதில் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரத்தம் என்று பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. அது மருந்தின் நிறம்தான், ஆபத்தில்லை என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள். அதே காசநோய் மருந்தில் கண் மஞ்சளானாலோ விடாமல் வாந்தி வந்தாலோ ஒருநாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாய் திறந்து சொல்லுங்கள்! ஒரு மருந்து போனால் இன்னொரு மருந்து இருக்கிறது. அளவை மாற்றலாம். சாப்பாட்டுக்குப் பின் எடுக்கச் சொல்லலாம். மௌனமாக நிறுத்துவதில்தான் ஆபத்து. வலிப்பு மாத்திரையையோ, நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டையோ, சில இதய மாத்திரைகளையோ திடீரென்று நிறுத்தினால் கரணம் தப்பினால் மரணம்தான். நீங்கள் எடுக்கவில்லை என்பது தெரியாத மருத்துவர், "இந்த அளவு போதவில்லை போல" என்று வீரியத்தைக் கூட்டுவார். ஒருநாள் நீங்கள் பயந்து மொத்தமாக எடுக்கும்போது அதுவே வினையாகும். ஒரு சின்னப் பொய் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

"யாராவது பார்த்துட்டா?"

கல்யாணம் ஆன மூன்றாம் நாள் வலிப்பு மாத்திரையைப் புடவை மடிப்புக்குள் ஒளித்துவைக்கும் பெண். மனநோய்க்கான மாத்திரையை விட்டமின் டப்பாவில் மாற்றிவைக்கும் இளைஞன். அட்டையை ஆஸ்பத்திரி வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வெறும் மாத்திரையைச் சட்டைப்பையில் கொண்டுபோகும் எச்.ஐ.வி. நோயாளி. இவர்களை மருந்திலிருந்து விரட்டுவது நோயா? நாம்! நம் பார்வை! நம் கிசுகிசு!

2004 ஏப்ரலில் இந்தியாவில் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கியபோது, முதலில் அது கிடைத்த இடங்களில் ஒன்று தாம்பரம் மருத்துவமனை. ஒருகாலத்தில் சானடோரியமாக இருந்த அதே இடம். இன்று அந்த மருந்தை விடாமல் எடுப்பவர்கள் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள், மூப்படைகிறார்கள். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்துவிட்டால், உடலுறவின் வழியே துணைக்கும் அது பரவுவதில்லை. மரண தண்டனை என்று பயந்த நோயையே மாத்திரைக்குள் அடக்கிக் காட்டியவர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்தா முகம் சுளிப்பது? எழுந்து நின்று வணங்க வேண்டும்!

"காசுக்கு எங்கே போறது?"

மாதக் கடைசியில் முப்பது மாத்திரையை அறுபது நாளுக்கு இழுக்கும் குடும்பங்களை நான் அறிவேன். கணவனுக்கு வாங்கிவிட்டுத் தன் சீட்டை மடித்து அரிசி டப்பாவில் வைக்கும் அம்மாக்களை அறிவேன். தாயே, உங்கள் உயிர் என்ன மலிவா?

கேட்கத் தயங்காதீர்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவதற்கென்றே 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம், சத்தான உணவுக்குப் பண உதவியும் உண்டு. வெளியில் வாங்கினாலும், "டாக்டர், இதே மருந்து குறைந்த விலையில் உண்டா?" என்று கேளுங்கள். அது பிச்சை இல்லை. உங்கள் உடம்புக்காக நீங்கள் பேசும் பேரம்.

விசில் யார் கையில்?

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள், 950-வது. வள்ளுவர் அதில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, பக்கத்தில் இருந்து கொடுப்பவர். வரிசையைக் கவனியுங்கள். மருத்துவருக்கு முன்னால், மருந்துக்கும் முன்னால், நோயுற்றவரை முதலில் நிறுத்துகிறார்! நோயாளி என்பவர் கட்டிலில் கிடத்தி மருந்து ஊற்றப்படும் பொருள் அல்லர். சிகிச்சையின் முதல் ஆளே அவர்தான்.

பெரியப்பாவின் பாஷையில் சொல்கிறேன். மருந்து வண்டி. மருத்துவர் டிரைவர். வீட்டார் கூட வரும் பயணிகள். வண்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும், டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கண்டக்டர் விசில் கொடுக்காமல் வண்டி நகருமா? அந்த விசில் உங்கள் வாயில் இருக்கிறது. ஊதுங்கள்!

'நோயாளி விதியாளி ஆனால் பரிகாரி பேராளி' என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆயுள் கெட்டியாக இருப்பவன் பிழைத்துக்கொள்வான், வைத்தியனுக்குப் பெயர் கிடைக்கும் என்று அர்த்தம். நான் சொல்கிறேன், விதி நடக்கட்டும் என்று சாய்ந்து உட்காராதீர்கள். தினம் ஒரு மாத்திரை என்பது விதியின் வாசலில் தினம் நீங்கள் போடும் ஒரு பூட்டு.

இன்றே தொடங்குங்கள்

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு தட்டில் கொட்டுங்கள். ஒவ்வொன்றும் எதற்கு, எப்போது, எத்தனை நாள் என்று தெரியுமா? தெரியாததைத் தாளில் எழுதி அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள். "விட்டுவிட்டுத்தான் எடுத்தேன் டாக்டர்" என்று உண்மையைச் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும். உண்மையைச் சொல்லத்தான் தைரியம் வேண்டும்.

மாத்திரையைத் தினமும் செய்யும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி நேரம் முன்னால் என்றால், அதைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வையுங்கள். இரவு மாத்திரையைச் சாப்பாட்டுத் தட்டோடு வையுங்கள். நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது ஒரு மாத்திரை. செல்போனில் ஓர் அலாரம். ஒருவேளை தவறினால் மறுவேளை இரண்டாகப் போடாதீர்கள், என்ன செய்வது என்று கேட்டுச் செய்யுங்கள். அட்டையில் ஐந்து மாத்திரை இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். நோன்போ விரதமோ வந்தால், நீங்களாக நிறுத்தாமல் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டில் உள்ளவர்களே, "மாத்திரை போட்டியா?" என்று அதட்டாதீர்கள். நான் அப்படித்தான் கேட்டேன். "ம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு போய்விட்டேன். ஒரு டம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பதினோரு மாதம் பையில் சேர்ந்திருக்காது. மருத்துவர்களே, உங்கள் வாசலில் வரிசை நீளம் என்று தெரியும். ஆனாலும் "இது எதற்கு, எத்தனை நாள், என்ன ஆனால் என்னிடம் வர வேண்டும்" என்ற மூன்று வாக்கியங்களும் மருந்துதான். அதையும் எழுதிக் கொடுங்கள்.

மறுபடியும் அந்தப் பை

பெரியப்பா எழுந்தார். ஒரு வருடம் ஆயிற்று. முதலில் சுவரைப் பிடித்து, பிறகு கைத்தடி, பிறகு தெருமுனை வரை. வலது கை முழுதாகத் திரும்பவில்லை. அந்தத் தோல் பையை நான் தூக்கிப் போடப் பார்த்தேன். "அங்கேயே மாட்டு" என்றார். மாத்திரையை மறுபடியும் அதிலேயே வைத்தார். இந்த முறை ஒளிக்க அல்ல. ஆணி கூடத்துக்கு, எல்லார் கண்ணும் படுகிற இடத்துக்கு மாறியது.

தினமும் காலையில் இடது கையால் பையைத் திறப்பார். அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்குவார். தண்ணீர் குடித்து, தலையை நிமிர்த்தி, கோணல் மிச்சமிருந்த அந்த வாயால் உரக்கச் சொல்வார்: "போலாம், ரைட்!"

அதன்பின் ஏழு ஆண்டு அந்தக் குரலைக் கேட்டோம். பேத்தியின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பந்திக்குப் போகும் முன் ஜிப்பாப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் போட்டுக்கொண்டார். யாரும் அவரைச் சீக்காளி என்று சொல்லவில்லை. அவரும் தன்னை அப்படி நினைக்கவில்லை.

உங்கள் மாத்திரை இப்போது எங்கே இருக்கிறது? எழுந்து போய் எடுங்கள். இன்றைய வேளைக்கு உரியது மிச்சமிருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரோடு நிமிர்ந்து நின்று போடுங்கள். விசிலை ஊதுங்கள். உங்கள் வண்டி கிளம்பட்டும்.

போலாம், ரைட்!